இலையை மூடாத விருந்தாளி

"ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சிகரெட் பிடிக்கிறேன். காலையில் டீயோடு பிடிக்கிற முதல் சிகரெட்டில் மட்டும் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. மற்ற பதினொன்றையும் ஏன் பிடிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இது மனப்பிரமையா?"

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வி. பிரமையே இல்லை, தன் மூளையை அவர் மிகச் சரியாகக் கவனித்திருக்கிறார். புகைப்பழக்கத்தின் பிடி எவ்வளவு என்று அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்விப் பட்டியலின் முதல் கேள்வியே, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அந்தக் கேள்விக்குரிய உச்ச மதிப்பெண்ணான 3 கிடைத்துவிடும்.

எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் காலை ஐந்தரைக்கே கயிறு புகையத் தொடங்கிவிடும். தொங்கும் தேங்காய் நார்க் கயிற்றின் நுனியில் ஒரு கங்கு. கட்டட வேலைக்குப் போகிறவர் குனிந்து, பீடியை அதில் ஒற்றி, கன்னம் குழிய இழுக்கிறார். பீடி சும்மா விட்டால் அணைந்துபோகும். அதனால் விடாமல் இழுக்கிறார். நாலாவது இழுப்பில் அவர் தோள்கள் இறங்குகின்றன. நுரையீரலுக்குள் போன நிகோடின் ரத்தத்தில் கலந்து மூளையைத் தொட 10 முதல் 20 நொடிகள் போதும். அங்கே நடப்பது ஒரு கல்யாணப் பந்தி.

நரம்புச் செல்களின் மேல் அசிட்டைல்கோலின் என்ற தூதுப் பொருளுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. ஐந்து புரதங்கள் வட்டமாகச் சேர்ந்து நடுவில் ஒரு துளையை விட்டிருக்கும் அமைப்பு அது. அசிட்டைல்கோலின் வந்து ஒட்டினால் துளை திறக்கும், சோடியம் உள்ளே பாயும், செல் விழித்துக்கொள்ளும். இந்த ஏற்பியைப் பந்தியில் விரித்த வாழை இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அசிட்டைல்கோலின், அழைப்பின் பேரில் வந்த விருந்தாளி. அவர் உட்கார்ந்ததும் பரிமாறுகிறார்கள், துளை திறக்கிறது. ஒரு வாய் சாப்பிடுவதற்குள் ஒரு நொதி வந்து அவர் கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறது. நொடிக்குப் பல ஆயிரம் மூலக்கூறுகளை உடைக்கும் நொதி அது. இலை காலி, அடுத்தவர் வரலாம். அத்தனை விறுவிறுப்பான பந்தி.

நிகோடின் அழைக்காமல் வந்தவர். உருவ ஒற்றுமையால் அதே இலையில் உட்கார்ந்துகொள்கிறார். சாம்பாரும் வருகிறது, பாயசமும் வருகிறது. மூளையின் நடுப்பகுதியில் உள்ள செல்கள் டோபமைனைச் சுரக்கின்றன. தலைக்குள் விளக்கு எரிகிறது. ஆனால் எழுப்பிவிடும் நொதிக்கு இவரைத் தொடத் தெரியாது. அவர் பாட்டுக்கு உட்கார்ந்தே இருக்கிறார்.

என்னை வியக்க வைக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது. எழுந்திருக்காத விருந்தாளிக்குப் பரிமாறுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஏற்பி தன் துளையை மூடிக்கொண்டு மரத்துப்போகிறது. மரத்துப்போன ஏற்பி நிகோடினை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. ஆள் இருக்கிறார், இலை இருக்கிறது, சோறு வருவதில்லை.

இன்னும் ஒன்று. சாப்பிட்டு முடித்தவர் இலையை மூடினால்தானே எடுப்பார்கள்? சாதாரணமாகப் பழைய ஏற்பிகளைச் செல் கழித்துப்போடும், புதியவற்றைக் கட்டும். நிகோடின் செல்லுக்குள்ளேயே நுழைந்து, பாதி கட்டிய ஏற்பிகளைத் தாங்கிப் பிடித்து, அவை கழிந்துபோகாமல் காக்கிறது. இவர் இலையை மூடுவதே இல்லை. அடுக்களையிலிருந்து புது இலை மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. நாளடைவில் புகைப்பவரின் மூளையில், புகைக்காதவருக்கு இருப்பதைவிட மிக அதிகமான இலைகள் விரிந்துவிடுகின்றன.

இப்போது இரவு வருகிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். கல்லீரல் அதைக் கோட்டினினாக மாற்றிவிடும். எட்டு மணி நேரத் தூக்கத்தில் நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. விருந்தாளிகள் கலைகிறார்கள், மரத்த ஏற்பிகள் தெளிகின்றன. விடியும்போது பந்தல் நிறையக் காலி இலைகள், ஒவ்வொன்றின் எதிரிலும் கரண்டியோடு காத்திருக்கும் ஆட்கள். வாயில் எச்சில் ஊறுவதும் கை பெட்டியைத் தேடுவதும் இதனால்தான். முதல் சிகரெட் உள்ளே போனதும் எல்லா இலைகளுக்கும் ஒரே நேரத்தில் பரிமாறல். அடுத்த சிகரெட்டுக்குள் பெரும்பாலான இலைகள் மரத்துவிடுகின்றன.

பந்தி உவமைக்கு ஆதாரம் படமாகவே இருக்கிறது. 2006இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், புகைப்பவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு இழுப்பிலேயே இந்த ஏற்பிகளில் பாதி நிரம்பி, மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தன. முழு சிகரெட் பிடித்தால் 88 சதவீதத்துக்கு மேல் நிரம்பின. அப்படியானால் வாசகரின் மீதிப் பதினொன்று எதற்கு? காலியாகத் தொடங்கும் இலைகளின் தவிப்பை அடக்கத்தான். டீயின் ஆவியும் கயிற்றுப் புகையின் வாசமும்கூட அந்தத் தவிப்பைக் கிளப்பக் கற்றுக்கொண்டுவிட்டன.

வரலாறு சுருக்கமாக. 1560 வாக்கில் லிஸ்பனிலிருந்து பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலை அனுப்பிய தூதர் ழான் நிக்கோவின் பெயர்தான் நிகோடினுக்கு. 1828இல் ஹைடல்பர்கில் பொசெல்ட்டும் ரைமானும் அதைப் பிரித்தெடுத்தார்கள். செல்லின் மேல் ஏற்பி என்று ஒன்று இருக்க வேண்டும் என்ற எண்ணமே 1905இல் கேம்பிரிட்ஜின் லாங்லி நிகோடினை வைத்துச் செய்த சோதனைகளில் உருவானது. புகையிலைச் செடிக்கோ இது பூச்சிக்கொல்லி: புழு கடித்தால் வேர் கூடுதலாகத் தயாரித்து இலைக்கு அனுப்பும். ஈரமான புகையிலை இலையை ஒடிக்கும் தொழிலாளிக்குத் தோல் வழியே ஏறி, வாந்தியும் தலைசுற்றலும் தருவதும் இதே நஞ்சுதான்.

இந்த நஞ்சைத்தான் இப்போது சமூக ஊடகங்களில் மூளைக்கு டானிக் என்கிறார்கள். உதட்டுக்கடியில் வைக்கும் பொட்டலமாகவும் சூயிங்கமாகவும் பரிந்துரைக்கிறார்கள். ஆதாரமாகக் காட்டப்படும் 2012ஆம் ஆண்டு ஆய்வைப் படித்துப் பாருங்கள். லேசான ஞாபக மறதி உள்ள, புகைக்காத 74 முதியவர்கள்; ஆறு மாதம் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை. கவனச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது; ஆனால் மருத்துவர்களின் ஒட்டுமொத்த மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதை இருபது வயது மாணவருக்கான பரீட்சை மருந்தாக நீட்டுவது அறிவியல் ஆகாது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் இந்தப் பந்தியைத் தொடங்கிவைப்பது பெரும் கொடுமை.

புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் நிகோடின் இல்லை என்பது உண்மைதான். புகையின் தாரும் புகையிலையின் நைட்ரசமைன்களும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் நிகோடின் இதயத்தை வேகமாக அடிக்க வைத்து ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. தாரையும் நைட்ரசமைனையும் தினம் தினம் கேட்டு வாங்க வைப்பதும் அதுதான். இது புகையிலைத் தொழிலுக்குத் தெரியாததல்ல. அடிமைப்படுத்தும் மருந்தைத்தான் நாம் விற்கிறோம் என்று 1963லேயே ஓர் அமெரிக்க நிறுவனத்தின் உள்குறிப்பு எழுதிவைத்தது. 1994 ஏப்ரலில் ஏழு நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, நிகோடின் அடிமைப்படுத்தாது என்றார்கள். இடைப்பட்ட 31 ஆண்டுகளில் போன உயிர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இந்தியாவில் 2016–17 கணக்கெடுப்பின்படி, வயது வந்தவர்களில் 28.6 சதவீதம் பேர், அதாவது சுமார் 26.7 கோடி பேர், புகையிலை பயன்படுத்தினார்கள். அவர்களில் புகைப்பவர்களைவிட மெல்லுபவர்கள் அதிகம்.

நம்பிக்கை தரும் செய்தியும் அதுபோன்ற ஸ்கேன்களில்தான் இருக்கிறது. புகையை விட்டவர்களின் கூடுதல் இலைகள் மெல்ல எடுக்கப்படுகின்றன. ஓர் ஆய்வில் 21 நாளில், இன்னொன்றில் 6 முதல் 12 வாரத்தில், ஏற்பிகளின் எண்ணிக்கை புகைக்காதவர்களின் அளவுக்கு வந்தது. அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் உதவிகள். நிகோடின் பட்டை, நெரிசல் இல்லாமல் ஒவ்வொருவராக உள்ளே அனுப்பும் வாசல்காரர். 2006இல் வந்த வரெனிக்லின் மாத்திரை, இலையில் உட்கார்ந்து அரை வயிறு மட்டும் உண்டு, நிகோடினுக்கு இடம் விடாத ஆள். பட்டையோ மாத்திரையோ, மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

கேள்வி அனுப்பிய அன்பரே, உங்கள் முதல் சிகரெட் தரும் தெளிவில் பெரும்பங்கு, இரவெல்லாம் காத்துக் கிடந்த இலைகளின் பசி தீர்வதுதான். பக்கத்து வீட்டுக்காரர், புகையே தொடாதவர், அந்தத் தெளிவோடு சும்மாவே எழுந்திருக்கிறார். விட்ட முதல் சில நாள்கள் மிகக் கடினம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும். அது உங்கள் பலவீனம் இல்லை, விரித்த இலைகளை ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை. சில வாரம் கழித்து ஒருநாள், காலை டீயை வெறும் டீயாகக் குடித்துப் பாருங்கள். எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.