உஷார்! டிஸ்சார்ஜ் புக்கைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள்

பென்ஷன் வரப்போகிற தம்பிகளே, வந்து ஆறு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்களே, கையிலிருக்கும் போனை ஒரு நிமிடம் கீழே வையுங்கள். வேலை தருவதாக யாரோ சொன்னார் என்று டிஸ்சார்ஜ் புக்கைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டு அனுப்பலாமா என்று முடிவு செய்யுங்கள்.

உத்திரமேரூர் பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. சாலவாக்கம் பக்கத்து ஆள் ஒருவர், ஹவில்தாராக இருந்து வந்தவர், பிளாஸ்டிக் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தார். வாட்ஸ்அப்பில் வந்த தகவலைக் காட்டினார். ஏர்போர்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை, மாதம் 38 ஆயிரம், ராணுவத்தில் இருந்தவர்களுக்கு முன்னுரிமை, இன்றே கடைசி நாள். டிஸ்சார்ஜ் புக், ஆதார், கேன்டீன் கார்டு, பென்ஷன் உத்தரவு எல்லாவற்றையும் முந்தின நாளே அனுப்பிவிட்டார். யூனிஃபார்முக்கு 2,500 ரூபாய் கட்டியாயிற்று. அடுத்ததாக மெடிக்கலுக்கு 8,000 கேட்கிறார்கள். அதை அனுப்பத்தான் கடைக்காரரிடம் உதவி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எந்த கம்பெனி, ஆபீஸ் எங்க இருக்கு, கேட்டீங்களா?"

"கேட்டேண்ணே. ஆர்மி ஆளுங்களுக்கு நேரா ஜாயினிங்னு சொல்றாங்க. பேசினவரும் எக்ஸ் சர்வீஸ்மேன்தானாம், ஐ.டி. கார்டெல்லாம் அனுப்பினாரு."

அந்த ஐ.டி. கார்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வீடு வாடகைக்கு வேண்டும், பழைய பைக் விற்பனைக்கு என்று ராணுவ வீரர் வேடத்தில் ஊரை ஏமாற்றுகிறவர்கள் முதலில் காட்டுவது ஒரு ராணுவ அடையாள அட்டையின் படத்தை. அது நிஜமான அட்டையாகவே இருக்கலாம். உங்களைப்போல் ஒருவர் வேலைக்கென்று நம்பி அனுப்பியதாக இருக்கலாம். நாளைக்கு உங்கள் முகமும் ஆர்மி நம்பரும் வேறொருவரை ஏமாற்றப் போய் நிற்கும். போலீஸ் தேடி வரும்போது அட்டையிலிருக்கும் பெயர் உங்களுடையது. 2,500 ரூபாயைவிட இந்த நஷ்டம்தான் என்னைப் பயமுறுத்துகிறது.

நானும் ராணுவத்தில் க்ளார்க்காக இருந்து வந்தவன். காகிதத்தின் அருமையும் ஆபத்தும் தெரியும். டிஸ்சார்ஜ் புக்கில் உங்கள் பிறந்த தேதி, உடலிலுள்ள அடையாள மச்சம், மனைவி மக்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. யூனிட்டில் இருந்தபோது அதை இப்படித் தெருவில் விடுவீர்களா?

அந்த ஹவில்தாரின் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். கடையில் ஏற்கெனவே இருந்த யாருடையதோ ஒரு மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி அடித்தது. பொழுதுபோக்கு, பாட்டு கேட்பது. நோக்கம், நல்ல நிறுவனத்தில் வளர்வது. நடுவில் ஒரே வரி: இந்திய ராணுவத்தில் 17 ஆண்டு, செக்யூரிட்டி வேலை தேவை. அதற்குக் கீழே, ஒழுங்காக, எந்த யூனிட், எல்லையில் எந்தப் போஸ்ட், எந்த ஆயுதத்தோடு வேலை செய்தார் என்று வரிசையாகப் போட்டிருந்தது. எழுத வேண்டியது எதுவும் இல்லை, எழுதக்கூடாதது அத்தனையும் இருந்தது.

யூனிட் இருந்த இடம், ஆயுதம், ரேடார், ஆபரேஷன் பெயர் எதுவும் பயோடேட்டாவில் வரக்கூடாது. 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் யூனிஃபார்மைக் கழற்றிய அன்று உங்களை விட்டுவிடுவதில்லை. வேலை தருகிறேன் என்று பேச்சுக் கொடுத்து ரகசியம் கறப்பது உலகம் முழுக்க நடக்கிறது. லிங்க்ட்இன் போன்ற தளங்களில் போலிக் கணக்குகள் மூலம் ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 10,000 பிரிட்டிஷ்காரர்களை அணுகியிருக்கிறார்கள் என்று அந்நாட்டு உளவு அமைப்பு எம்.ஐ.5 2021-இல் எச்சரித்தது. நேர்காணல் என்ற பெயரில் "பழைய யூனிட்ல இப்ப எத்தனை பேரு?" என்று எவராவது கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

அப்புறம் அவரை டீக்கடையில் உட்கார வைத்துக் கேட்டேன். ராணுவத்தில் என்ன வேலை? ஸ்டோர்மேன். எத்தனை வருடம்? ஒன்பது. வண்டி உதிரிபாகங்கள் எத்தனை ஐட்டம் கையில் இருந்தது? "நாலாயிரத்துக்கு மேலண்ணே." வருடா வருடம் போர்டு வந்து எண்ணும்போது குறைந்திருக்கிறதா? "ஒரு நட்டு கூட குறைஞ்சதில்ல." லெட்ஜர் யார் எழுதுவது? "நான்தான். கடைசி நாலு வருஷம் கம்ப்யூட்டர்ல." உங்களுக்குக் கீழே? "ஆறு பசங்க."

உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் தாண்டினால் ஒரகடம், அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. கார் தொழிற்சாலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்பவர்களும் கிடங்கு வைத்திருப்பவர்களும் நிறைந்த இடம். ஒன்பது வருடம் நாலாயிரம் ஐட்டத்துக்குக் கணக்குச் சொன்ன ஆளுக்கு அங்கே பெயர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். அதை எழுதாமல் கேட்டில் நிற்க மனு போட்டிருக்கிறார். கேட்டில் நிற்பது கேவலம் என்று சொல்லவில்லை. கையிலிருக்கும் தொழிலை மறைத்துவிட்டுப் போய் நின்றால் நஷ்டம் உங்களுக்கு. எம்.டி. டிரைவர் என்றால் எத்தனை டன் வண்டி, மலைப்பாதையில் எத்தனை வருடம், விபத்து உண்டா இல்லையா என்று எழுதுங்கள். ஹெவி லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. விட்டுவிட்டால் இருபது வருட அனுபவமும் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் நின்றுவிடும். நாயக், ஹவில்தார் என்றால் கம்பெனி எச்.ஆர். பெண்ணுக்குப் புரியாது. உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள் என்றால் புரியும்.

பொய்யும் எழுதாதீர்கள். பத்தாவது படித்து 15 ஆண்டு பணி முடித்தவர்கள், தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத மத்திய அரசு குரூப் சி பணிகளுக்குப் பட்டதாரிக்கு இணையாகக் கருதப்படலாம் என்று விதி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு தனியார் கம்பெனி பயோடேட்டாவில் பி.ஏ. என்று போட்டுவிடுகிறார்கள். அது பட்டம் அல்ல. சரிபார்க்கும் நாளில் மோசடி என்ற பெயர் வரும். நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் குடவோலையில் பெயர் எழுத 35 முதல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை எழுதக்கூடாது என்று சொல்கிறது. ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே ஆளைச் சரிபார்த்த ஊர் இது. இன்றைய கம்பெனி சரிபார்க்காதா?

இன்னொன்று, யூனிட்டில் இருக்கும்போதே செய்ய வேண்டியது பெயர்த் திருத்தம். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிஸ்சார்ஜ் புக்கில் அப்பா பெயர் பின்னால், ஆதாரில் அப்பா பெயரே இல்லை. தமிழ்ப் பையன்கள் பாதிப்பேருக்கு இந்தத் தலைவலி. மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பிறகு ரெக்கார்ட் ஆபீசுக்கு மனு மேல் மனு போட வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். நம் பக்கத்துக் களியாம்பூண்டியிலிருந்து அங்கே எத்தனை தடவை போவீர்கள்? சர்வீஸில் இருக்கும்போது உங்கள் க்ளார்க்கிடம் சொன்னால் வேலை எளிது. கடைசி ஓராண்டில், அனுமதிக் கடிதத்தோடு மத்திய அரசு வேலைகளுக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. அந்த வருடத்தை லீவிலேயே கரைத்துவிடாதீர்கள்.

அரசு வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்காமல் விடும் குழி ஒன்று. மத்திய அரசு குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத ஒதுக்கீடு. பொதுத்துறை நிறுவனங்களிலும் பொதுத்துறை வங்கிகளிலும், ஊனமுற்ற வீரர்களையும் உயிர்நீத்தவர் குடும்பங்களையும் சேர்த்து 14.5 சதவீதம். இந்த ஒதுக்கீட்டில் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு அந்தச் சலுகை போய்விடும். தப்பிக்க ஒரு வழி 2014 ஆகஸ்ட் 14 தேதியிட்ட உத்தரவில் இருக்கிறது: முதல் வேலையில் சேர்வதற்கு முன் எங்கெங்கே, எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்ற பட்டியலை, சேர்ந்த உடனேயே சுய உறுதிமொழியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கிடைத்தது போதும் என்று சேர்ந்துவிட்டு, பிறகு வங்கி வேலை வரும்போது கையைப் பிசைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தாளைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருங்கள்.

அக்னிவீர் தம்பிகளுக்கு இன்னும் அவசரம். 2022 ஜூனில் திட்டம் அறிவித்து, அந்த வருடக் கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் தொகுதிக்கு நான்கு ஆண்டு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலும் முடிகிறது. நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான் என்று அறிவித்தார்கள். வெளியே வருகிறவருக்கு ஓய்வூதியமில்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, ஆக மேலே சொன்ன ஒதுக்கீட்டை நம்பி இருக்கக்கூடாது. துணை ராணுவப் படைகளில் தனியாக ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள், அதைத் தேடிப் படியுங்கள். சேவா நிதி வட்டியோடு சுமார் 11.7 லட்சம் என்றார்கள். இருபத்து மூன்று வயதுப் பையன் கையில் அவ்வளவு பணம் வருகிறது என்று ஊரே அறியும். ஏஜென்டும் அறிவான். 'டெபாசிட் கட்டினால் வேலை' என்ற பேச்சு வீட்டு வாசலுக்கு வரப்போகிறது. ஆருத்ரா நிறுவனத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 2,438 கோடி ரூபாய் போட்டு ஏமாந்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-இல் வழக்குப் போட்டதை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வேலை கொடுப்பவர் சம்பளம் கொடுப்பார், டெபாசிட் வாங்க மாட்டார்.

வெளிநாட்டு வேலை என்றால் என் குரல் உயரும். மன்னியுங்கள், உயரத்தான் வேண்டும். ரஷ்யாவில் உதவியாளர் வேலை, சமையல் வேலை என்று கூட்டிப்போய் உக்ரைன் போர்முனையில் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். இலங்கையில் குறிவைத்தது ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களையே. குறைந்தது 16 பேர் செத்தார்கள் என்று 2024 மே மாதம் அந்நாட்டு அரசே சொன்னது. இந்தியர்களும் சிக்கி, சிலர் உயிரைவிட்டு, அந்த மார்ச்சில் சி.பி.ஐ. பல ஊர்களில் சோதனை போட்டது. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் மலிவாகக் கிடைத்தால் வாங்க ஆள் இருக்கிறது. மியான்மரின் மியாவடியில் ஐ.டி. வேலை என்று போய் மோசடிக் கும்பலிடம் மாட்டிய தமிழ்ப் பிள்ளைகளை 2022-இல் மீட்டு வந்ததும் ஞாபகமிருக்கட்டும். ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டாலோ, டூரிஸ்ட் விசாவில் போகச் சொன்னாலோ, ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் சென்னையில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

உள்ளூர் செக்யூரிட்டி ஏஜென்சி என்றால் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதை அலுவலகத்தில் எல்லோர் பார்வையிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். சுவரைப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. நம்பர் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காஞ்சிபுரத்தில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே பதிவு செய்யக் காசு இல்லை. படைவீரர் மறுவாழ்வுக்கான டி.ஜி.ஆர். நடத்தும் வேலைவாய்ப்பு முகாமுக்கும் காசு இல்லை.

அந்த ஹவில்தார் 8,000 அனுப்பவில்லை. ஆனால் முகம் செத்துப் போய்விட்டது. "ஆர்மில இருந்துட்டு ஏமாந்துட்டேன்னு போலீஸ்ல எப்படிண்ணே சொல்றது?" என்றார். இந்த வெட்கத்தைத்தான் அந்தக் கும்பல் நம்பியிருக்கிறது. அங்கேயே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போட்டோம். ஏற்கெனவே பணமோ காகிதமோ அனுப்பிவிட்டவர்கள் இன்றைக்கே அதைச் செய்யுங்கள். எந்த நம்பருக்கு எந்தக் காகிதம் போனது என்று எழுதிக்கொண்டு ஸ்டேஷனில் மனு கொடுங்கள், சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். நாளைக்கு உங்கள் அட்டையை வைத்து வேறெங்கோ ஒருவரை ஏமாற்றினால், அது உங்கள் கையை விட்டு எப்போது போனது என்று சொல்ல அந்த ரசீதுதான் இருக்கும்.