நாணயம் 2,000 ரூபாய், தீர்வை எவ்வளவு?

கராச்சர்மாவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் மாணவ நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு அயல்நாட்டிலிருந்து பழைய நாணயங்களை வரவழைத்தார். பெட்டி வந்தது, கூடவே வந்த பில்லைக் கண்டு திகைத்துப் போனார். அந்தத் திகைப்பு மற்றவர்களுக்கும் வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

சுங்கத் தீர்வை பொருளின் விலைக்கு மட்டும் அன்று. அனுப்பும் கூலியும் காப்பீடும் சேர்ந்த தொகைக்கு. நாணயம் 2,000 ரூபாய், கூலியும் காப்பீடும் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தீர்வை 10 சதவிகிதம் எனில் 300 ரூபாய். அந்தத் தீர்வையின் மீது சமூக நல மேல்வரி 10 சதவிகிதம். அது 30 ரூபாய். எல்லாம் கூடிய 3,330 ரூபாய்க்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. போட்டால் 599 ரூபாய் 40 காசு. ஆக வரி மட்டும் 929 ரூபாய் 40 காசு. வரிக்கும் வரி! வீதங்கள் பொருளுக்குப் பொருள் வேறுபடும். கணக்குப் போடும் முறை இதுதான்.

இனி, தரகு. கூரியர் கம்பெனி நமக்காகத் தீர்வையை முதலில் கட்டிவிட்டு, அதற்கெனத் தனிக் கூலி வாங்கும். இது அரசாங்கத்துக்குப் போவதன்று. பெரும்பாலும் இதில் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டாகையால், சிறிய பெட்டிக்காரருக்கே அடி அதிகம். நம் நண்பரைத் திகைக்க வைத்ததும் அதுவே. ஆர்டர் கொடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தபாலில் வருவது சென்னை, கொல்கத்தா போன்ற இடங்களிலுள்ள அயல்நாட்டு அஞ்சலகத்தில் மதிப்பிடப்பட்ட பிறகே தீவுக்குக் கப்பலோ விமானமோ ஏறும்.

"அன்பளிப்பு என்று எழுதச் சொல்லேன்" என்று யோசனை கூறுவோரும் உளர். 5,000 ரூபாய் வரை அன்பளிப்புக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது.