பழைய இரும்புக் கடையில் பிக்கப் பாகங்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

அறுவடை நேரம் பார்த்துத்தான் வண்டி படுக்கும். தக்காளியோ, பூவோ, பச்சை மிளகாயோ, விடியும் முன்பு மார்க்கெட்டில் இறங்கினால்தான் விலை. அந்த நேரத்தில் கியர் பாக்ஸ் சத்தம் போட்டால் விவசாயி என்ன செய்வார்? வாடகை வண்டி பிடித்தால் வரும் லாபம் அதிலேயே போய்விடும். புதிய பாகத்தின் விலையைக் கேட்டால், நாலு மாதம் பாடுபட்டது கண்முன் கரைகிறது. பத்து, பதினைந்து வருடம் ஓடிய வண்டி என்றால் சில பாகங்கள் புதிதாகக் கிடைப்பதும் இல்லை. 'பழசு தேடிப் பாருங்க' என்று மெக்கானிக் சொல்லிவிடுகிறார்.

பயிர்ப் பக்கத்துக்கு வரும் கேள்விகளோடு இந்தக் கேள்வியும் இப்போது அடிக்கடி வருகிறது. வரவேண்டியதுதான். மோட்டார், டிராக்டர் போல பிக்கப்பும் ஒரு பண்ணைக் கருவி. அதற்கு ஆகும் செலவும் சாகுபடிச் செலவுதான்.

பழைய பாகம் வாங்குவதில் தவறில்லை. ஆனால், ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் கால் வைக்க வேண்டும். கெட்டுப்போனால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான் என்கிற பாகத்தைப் பழசில் வாங்கலாம். கெட்டுப்போனால் வண்டியை நிறுத்தவோ, திருப்பவோ முடியாது என்கிற பாகத்தைப் பழசில் வாங்கவே கூடாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எந்த வண்டியிலிருந்து கழற்றியது?

சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று பெரிய இடங்கள் இருக்கின்றன. லாரித் தொழில் நிறைந்த நாமக்கல், சங்ககிரி பக்கமும் விசாரிக்கலாம். சிறிய ஊர்களிலும் பழைய இரும்புக் கடைகள் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. 'அண்ணே, இது எந்த வண்டில கழட்டினது?' என்பதுதான்.

உடைப்புக்கு வரும் வண்டிகள் மூன்று வகை. முதல் வகை, ஓடி ஓடி வயதான வண்டி. இதில் இன்ஜினும் கியரும் தேய்ந்திருக்கும். கதவு, பானெட், விளக்கு, ஆக்ஸில் ஹவுசிங் போன்றவை தேறும். இரண்டாம் வகை, விபத்து வண்டி. முன்பக்கம் அடிபட்டிருந்தால் பின் ஆக்ஸில், கிரவுன் பினியன், லோடு பாடி எல்லாம் நல்ல நிலையில் கிடைக்கலாம். நல்ல சரக்கு பெரும்பாலும் இந்த வகையில்தான். மூன்றாம் வகை, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டியின் ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், வயரிங் எதுவும் வேண்டாம். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பியிலும் டேஷ்போர்டின் உள்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டல் படிந்திருந்தால் அது மூழ்கிய வண்டி.

மீன் ஏற்றிய வண்டியையும் கவனிக்க வேண்டும். ஐஸும் உப்பும் கலந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி, தகடு அடியிலிருந்தே அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

கிளம்பும் முன்பு

ஆர்.சி. புத்தக நகல், இன்ஜின் எண், சேசிஸ் எண், வண்டி தயாரான மாதம், வருடம் எல்லாம் கையில் இருக்கட்டும். முடிந்தால் கழற்றிய பாகத்தையே எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே பெயரில் வரும் வண்டியிலும் வருடத்துக்கு வருடம் பாகங்கள் மாறியிருக்கும். நாடு முழுவதும் பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரல், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல். இந்த இரண்டு எல்லைகளைத் தாண்டினால் டீசல் பம்பு, இன்ஜெக்டர், வயரிங் பெரும்பாலும் பொருந்தாது.

எங்கள் வட்டாரத்தில் சின்ன வெங்காயம் போடும் ஒரு விவசாயி, 'அதே வண்டி கியர் பாக்ஸ்தான்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கி வந்தார். ஹவுசிங் போல்ட் எல்லாம் சரியாக உட்கார்ந்தது. கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் ஷாஃப்டில் பல் எண்ணிக்கை மட்டும் வேறு. திரும்பப் போய் மாற்றி வருவதற்குள் ஆறு நாள் போனது. அந்த ஆறு நாளும் வெங்காயம் வாடகை வண்டியில்தான் ஒட்டன்சத்திரம் போனது. பழைய ஷாஃப்டின் பல்லை எண்ணிக் குறித்துக்கொண்டு போயிருந்தால் ஒரு நிமிட வேலை.

பையில் இருக்க வேண்டியவை: டார்ச், காந்தம், இரும்பு அடிக்கோல், ஃபில்லர் கேஜ், வெர்னியர், சாக்பீஸ், ஒரு சிறு பாட்டில் மண்ணெண்ணெய் (இல்லையென்றால் டீசல்), பழந்துணி. மெக்கானிக்கையும் அழைத்துப் போனால் நல்லது. ஆனால், கடையைக் காட்டுபவராக மட்டும் இல்லாமல், பாகத்தைப் பார்த்துச் சொல்பவராக இருக்க வேண்டும்.

பழசில் வாங்கலாம், இப்படிச் சோதியுங்கள்

கதவு, பானெட், லோடு பாடி: காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். கதவின் அடிமடிப்பைத்தான் துரு முதலில் தின்னும். விரலால் அழுத்திப் பாருங்கள்.

டிஸ்க்: போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கை, ஓட்டைகளுக்கு இடையிலான தூரம், நடு ஓட்டையின் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். போல்ட் ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, அதைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ரேடியேட்டர்: செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றவைத்துச் சரிசெய்யலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்தது வெடித்திருந்தால் வீண். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். சொட்டுநீர்க் குழாயில் போர் தண்ணீர் வெள்ளையாக உப்பு படிய வைக்கிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களிலும் இருக்கும். வாங்கிய பிறகும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். கூலன்ட் ஊற்றுங்கள்.

ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார்: கடையிலேயே பேட்டரி வைத்து செல்ஃபைச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டரைக் கையால் சுற்றினால் கரகரவென்ற சத்தம் வரக் கூடாது. வண்டியில் மாட்டியதும் இன்ஜின் ஓட்டத்தில் மீட்டர் வைத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும்.

சிலிண்டர் ஹெட்: அடிக்கோலை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் நிறுத்தி வையுங்கள். கோலுக்கு அடியில் 0.1 மில்லிமீட்டர் ஃபில்லர் கேஜ் நுழைந்தால் லேத்தில் சீவாமல் போட முடியாது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் ஒரு பழைய முறை இருக்கிறது. சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடியாகத் தேயுங்கள். லேசாகத் தட்டுங்கள். விரிசலுக்குள் போன எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும்.

கிரவுன் பினியன்: ஜோடியாக மட்டுமே வாங்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கிய ஜோடி. ஒரே எண் இரண்டிலும் பொறித்திருக்கும். பிறகு பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 9 என்றால், 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.56. வேறொரு ஜோடியில் 37-க்கு 9 என்றால் 4.11. இரண்டும் ஹவுசிங்குக்குள் உட்காரலாம். ஆனால், 4.56 இருந்த வண்டியில் 4.11 போட்டால், காலி வண்டி வேகமாக ஓடும், லோடோடு மேடு ஏறத் திணறும், கிளட்ச் கருகும். உங்கள் வண்டியில் இருந்த அதே கணக்குதான் வேண்டும்.

கியர் பாக்ஸ்: ஆயில் வடிக்கும் போல்ட்டைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் நுனியில் இரும்புத் துகள் சேறு போல ஒட்டியிருந்தால் பரவாயில்லை. பல் துண்டு, சில்லு வந்தால் வேண்டாம். ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

தொடவே கூடாதவை

பிரேக் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், லைனர், டிரம், ஸ்டியரிங் டை ராட், பால் ஜாயிண்ட், கிங் பின், வீல் பேரிங், ஸ்பிரிங் பட்டை, பழைய டயர். இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காரணம் எளிது. ரப்பர் ஓட்டத்தில் மட்டும் கெடுவதில்லை, வயதிலும் கெடும். ஸ்பிரிங் பட்டையும் பால் ஜாயிண்டும் லட்சக்கணக்கான முறை வளைந்தும் அதிர்ந்தும் களைத்துப்போனவை. அந்தக் களைப்பு கண்ணுக்குத் தெரியாது, ஒரு நாள் முறியும்போதுதான் தெரியும். கொடைக்கானலில் கேரட்டும் உருளையும் ஏற்றி வத்தலக்குண்டு நோக்கி இறங்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு டன்னுக்கு மேல் சுமை, பக்கத்தில் மகன், பின்னால் கூடைகளுக்கு நடுவே, ஏற்றவே கூடாது என்று தெரிந்தும் ஏற்றிய நாலு கூலியாட்கள். அந்தச் சரிவில் பிரேக் மிதி அடிவரை இறங்கினால், நாம் மிச்சம் பிடித்த பணம் எதற்கு ஆகும்?

டிரம்மில் 'இதற்கு மேல் தேயக் கூடாது' என்கிற உள்விட்ட அளவு பெரும்பாலும் வார்ப்பிலேயே இருக்கும். உங்கள் வண்டியில் இருக்கும் டிரம்மை இப்போதே வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழம் இருந்தாலும், கிழடான டயர் லோடில் வெடிக்கும்.

பழைய லைனரைக் கழற்றும்போது அந்தத் தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள்

எந்த வண்டியில் கழற்றியது என்ற விவரத்தோடு பில் வாங்குங்கள். இன்ஜின் வாங்கினால் பிளாக்கில் உள்ள எண் பில்லில் இருக்க வேண்டும். எண்ணைத் தேய்த்து அழித்த பிளாக்கையும், சேசிஸ் எண் வெட்டிய துண்டையும் தொடாதீர்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படிக் கருதக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம்.

இன்ஜினையே மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி அனுமதி பெற்று, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். வண்டியில் ஓர் எண், புத்தகத்தில் ஓர் எண் என்று இருந்தால், எஃப்.சி.யிலும் சிக்கல், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

விலை பேசும்போது இந்தக் கணக்கைப் போடுங்கள். பழைய பாகத்தின் விலை, லேத் கூலி, போக்குவரத்து, வண்டி நிற்கும் நாட்களுக்கான வாடகை வண்டிச் செலவு. நான்கையும் கூட்டினால் புதிய பாகத்தின் விலையில் பாதிக்குள் இருக்க வேண்டும். பாதியைத் தாண்டினால் புதிதே லாபம். பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

வாசகர் கேள்விகள்

'யூரியா, பொட்டாஷ் ஏற்றியே லோடு பாடியின் தகடு ஓட்டையாகிவிட்டது. பழைய பாடி வாங்கிப் போடலாமா?'

போடலாம். மேல்தகட்டை மட்டும் பார்க்காமல், அடியில் படுத்துக் குறுக்குச் சட்டங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. நாம் பயன்படுத்தும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு குளோரைடு உப்பு. ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். உரமோ கோழி எருவோ இறக்கிய அன்றே தண்ணீர் அடித்துக் கழுவிக் காய விடுங்கள். அடியில் தார்ப்பாய் விரித்து ஏற்றினால் இன்னும் நல்லது.

'பழைய காமன் ரெயில் இன்ஜெக்டர் மலிவாகக் கிடைக்கிறது. மாட்டலாமா?'

வேண்டாம். கண்ணால் பார்த்து அதன் நிலையைச் சொல்ல முடியாது. பம்பு பட்டறையில் மெஷினில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். பல வண்டிகளில் இன்ஜெக்டர் மேல் பொறித்த குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டியும் இருக்கும். சோதித்த சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்.

'என் பழைய பிக்கப்பையே உடைப்புக்குக் கொடுக்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்?'

கடன் பாக்கி இருந்தால் முதலில் ஆர்.சி.யில் அந்தப் பதிவை நீக்குங்கள். வண்டியை உடைத்துவிட்டால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, பதிவை ரத்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அந்த எண்ணை வைத்து யார் என்ன செய்தாலும் உங்கள் வாசலுக்குத்தான் ஆள் வரும். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் அதற்குச் சான்றிதழ் தருவார்கள். புதிய வண்டி எடுக்கும்போது அந்தச் சான்றிதழுக்குச் சலுகை உண்டா என்று விற்பனையாளரிடமும் ஆர்.டி.ஓ.விலும் கேளுங்கள்.

கொடுக்கும் முன்பு இன்ஜின் ஆயில், பேட்டரி இரண்டையும் கழற்றி முறையாக ஒப்படையுங்கள். பேட்டரியைப் புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுக்கலாம். பழைய ஆயிலை வரப்பிலோ, வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். அந்த மண்ணில் நாளைக்கு நாம்தான் விதைக்கப் போகிறோம்.