கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்தோம். மண்ணுக்கு என்ன செய்தோம்?

கோழி நன்றாகத் தின்கின்றது. ஆனால் கையில் தூக்கினால் பாரமில்லை; நெஞ்செலும்பு கத்தி விளிம்புபோல் விரலில் தட்டுப்படுகின்றது. கொண்டை வெளிறிக் கிடக்கின்றது. கிழமைக்கு ஐந்து முட்டையிட்ட பேடு இரண்டுடன் நிறுத்திக்கொள்கின்றது. அந்த இரண்டின் மஞ்சட்கருவும் நிறம் மங்கியிருக்கின்றது. பிரித்தானியாவில் வீட்டின் பின்வளவில் நாலைந்து கோழிகளை வளர்த்துவரும் எம்மவர் சிலர் இவ்வாறு முறையிடக் கேட்டிருக்கின்றோம். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பார் ஒருவர். கண்ணூறு என்பார் மற்றொருவர். பல வேளைகளில் காரணம் குடலுக்குள் இருக்கின்றது. பூச்சி.

ஊரில் எவரும் கோழிக்குப் பூச்சி மருந்து கொடுத்ததில்லையே, அவை வாழவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ஊர்க் கோழிக்கும் பூச்சி இருந்தது, நாம்தான் பார்க்கவில்லை. ஆயினும் அங்கு அது பகல் முழுவதும் வேலி கடந்து நான்கு வளவுகளைக் கிளறித் திரிந்தது; இரவில் மரத்திலேறிப் படுத்தது. அதன் எச்சம் ஓரிடத்தில் குவியவில்லை. விழுந்த இடத்தையும் சுட்டெரிக்கும் வெயில் காய வைத்தது. இங்கோ இரண்டு கட்டில் அளவு நிலத்தைக் கம்பிவலையால் அடைத்து, அதற்குள்ளேயே ஆண்டு முழுவதும் கோழியை விடுகின்றோம். அந்த நிலம் ஐப்பசி முதல் பங்குனி வரை ஈரம் காய்வதில்லை. கோழி தான் எச்சமிட்ட மண்ணையே மறுபடி மறுபடி கொத்துகின்றது. பூச்சிக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறில்லை.

குடற்பூச்சிகளில் பெரியது அஸ்காரிடியா எனும் உருளைப்புழு. வெள்ளை நிறம், ஐந்து முதல் பத்துச் சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். அது சிறுகுடலில் வாழ்ந்து இடும் முட்டைகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணளவில், எச்சத்துடன் வெளியேறுகின்றன. வெளியேறிய உடனே அவற்றால் தீங்கில்லை. ஈரமும் இளஞ்சூடும் கிடைத்தால் இரண்டு மூன்று கிழமைகளில் முட்டைக்குள் புழுக்குஞ்சு முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றது. அதைக் கொத்தும் கோழியின் குடலில் ஐந்து முதல் எட்டுக் கிழமைகளில் அது முழுப் புழுவாகித் தானும் முட்டையிடத் தொடங்குகின்றது. குளிர்காலத்தில் இந்த வளர்ச்சி நின்றுபோகும். ஆனால் முட்டை சாவதில்லை. மண்ணில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து இளவேனிலில் விழித்துக்கொள்ளும். மண்புழுவும் இம்முட்டைகளை உடலில் சுமந்து கோழியிடம் சேர்க்கக் கூடும்.

இழைப்புழு என நாம் சொல்லக்கூடிய கப்பிலேரியா மயிர்போல் மெல்லியது. குடலை அறுத்துப் பார்த்தாலும் எளிதில் கண்ணில் படாது. கெடுதியில் உருளைப்புழுவை மிஞ்சும். நாடாப்புழு நேரே கோழிக்குக் கோழி தொற்றாது; வண்டு, எறும்பு, நத்தை ஆகியவற்றைத் தின்பதால் வருகின்றது. கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கும் கோழியின் மூச்சுக்குழலில் சிவப்பு நிறப் புழு ஒன்று ஒட்டியிருக்கலாம். அது குடற்பூச்சியன்று, எனினும் அதே மண்ணிலிருந்து வருவதே. எச்சத்தில் இரத்தம் கண்டால் பூச்சி மருந்தை நாடி நாளைக் கடத்தாதீர்கள். சிறு குஞ்சுகளைக் கூட்டமாகக் கொல்லும் கொக்சிடியா எனும் நுண்ணுயிர் நோயாக அது இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

மருந்து எது? பிரித்தானியாவில் முட்டையிடும் கோழிகளுக்கென அனுமதிக்கப்பட்டவற்றுள் ஒன்று புளூபென்டசோல். தீனில் கலந்து தொடர்ந்து 7 நாட்கள் கொடுக்கவேண்டும். கால்நடைத் தீவனக் கடைகளில் தகுதி பெற்ற விற்பனையாளரிடம் கேட்டு வாங்கலாம். மருந்து கலந்தே வரும் தீனும் உண்டு. தூளாக வாங்குவோர் தீனில் சிறிது சமையல் எண்ணெய் பிசறிய பின் தூளைக் கலந்தால் அது பாத்திரத்தின் அடியில் தங்கிவிடாது. அந்த ஏழு நாட்களும் சோளம், கீரை என்று வேறெதுவும் வைக்கலாகாது. வைத்தால் கோழி அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு மருந்துத் தீனை விட்டுவிடும். எம்மவர் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். இம்மருந்து கொடுக்கும் நாட்களிலும் முட்டையை உண்ணத் தடையில்லை. ஏனைய நாடுகளில் அனுமதி பெற்ற மருந்துகள் வேறுபடும். அங்குள்ள மிருக வைத்தியரைக் கேட்டே வாங்கவேண்டும். வீட்டுப் பூனைக்கு வாங்கிய பூச்சிக் குளிசையை உடைத்துக் கோழிக்குக் கொடுப்பது ஆபத்தான சிக்கனம். அது முட்டை வழியாகப் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகலாம்.

உள்ளி, வேப்பிலை, பப்பாசி விதை ஆகியவை பற்றி எம்மிடம் கேட்கின்றார்கள். கோழிக்குச் சிறிது வேப்பிலை கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் குடல் நிறையப் புழு கொண்டு மெலிந்துபோன கோழியை உள்ளி காப்பாற்றும் என்று நம்பியிருப்பது அக்கோழிக்குச் செய்யும் கொடுமை.

மருந்து கொடுத்து இரண்டு மாதத்தில் மீண்டும் பழைய நிலை என்றால் மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை. குடலைத் துப்புரவாக்கிய கோழியை அதே மண்ணில் விட்டிருக்கின்றோம். அடைப்பை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் கோழியை விட்டு மறு பாதிக்கு ஓய்வு கொடுக்கலாம். எத்தனை மாதம் நீள்கின்றதோ அத்தனைக்கு நன்று. ஓய்விலுள்ள பாதியில் புல்லைக் கட்டையாக வெட்டிவிட்டால் வெயிலும் காற்றும் மண்ணில் படும். இரவுக்கூட்டின் கீழ் விழும் எச்சத்தை நாள்தோறும் வழித்தெடுப்பது பெரும் பயன் தரும், ஏனெனில் கோழி இரவில் இடும் எச்சம் கொஞ்சமன்று. தீனை மண்ணில் வீசாமல் உயரத்தில் தொங்கவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிச் சேறு கட்டாமற் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. முதிர்ந்த கோழிகள் நின்ற நிலத்தில் அவற்றை இறக்கவேண்டாம்.

எச்சத்தைச் சிறு குப்பியில் அடைத்துத் தபாலில் அனுப்பினால் பூச்சி முட்டையை எண்ணிச் சொல்லும் ஆய்வுகூடங்கள் உண்டு. கணக்கின்றி மருந்து கொடுப்பதைவிட, எண்ணிப் பார்த்துத் தேவைக்குக் கொடுப்பதே சிறந்தது என்பது எமது கருத்து. தேவையின்றிப் பழக்கினால் நாளடைவில் புழு மருந்துக்கு அஞ்சாமற் போகலாம்.

எம்மவர் பலர் அறியாத இரு சட்டங்களையும் இங்கு குறிப்பிடவேண்டும். சமையலறையில் மிஞ்சிய சோறு கறியைக் கோழிக்குப் போடுவது பிரித்தானியாவில் குற்றம். விலங்குகளிலிருந்து பெறும் உணவு எதுவும் நுழையாத சமையலறைக்கே விலக்கு. ஸ்கொட்லாந்தில் 2024 செப்டெம்பர் 1 முதலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 ஒக்டோபர் 1 முதலும் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் அரசிடம் பதிவு செய்யவேண்டும்.

அரிதாக, முட்டையை உடைக்கும்போது உள்ளே ஒரு வெள்ளைப் புழு கிடப்பதுண்டு. குடலிலிருந்து வெளியேறும் வழியில் முட்டைக் குழாய்க்குள் ஏறி அகப்பட்டுக்கொண்ட உருளைப்புழு அது. அருவருப்பானதுதான், ஆயினும் கோழியின் இந்தப் புழு மனிதரின் குடலில் குடியேறுவதில்லை. முட்டையை எறிந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். அன்றே கோழிகளைத் தூக்கிப் பாரம் பாருங்கள். மற்றவற்றின் வயிற்றிலும் அது இருக்கும்.