சாரலும் விதையும்

குழி தோண்டி விதை நடுவது ஒரு முறை. மண்ணின் மேல் தூவிவிடுவது மற்றொரு முறை. காட்டில் குழி தோண்டி நடுவார் இலர். காற்றும் நீரும் பறவையும் எறும்புமே அங்கு விதைப்போர். அம்முறையைத் தோட்டத்தில் மேற்கொள்வோர் காட்டின் ஒழுங்கையும் அறிந்திருத்தல் வேண்டும். தூவுதல் எளிது, தூவியதைத் திரும்பப் பெறுதல் அரிது.

சாரல் நிலம்

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாயின் வழியே மலையைக் கடந்து செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பகுதிகளுக்குள் நுழைகிறது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை அது சாரலாகப் பொழிகிறது. தமிழகச் சமவெளியின் பெரும்பகுதி வெயிலில் காய்ந்திருக்கும் அந்நாளில் இங்கு மரநிழலில் ஈரம் தங்குகிறது. இவ்வளத்தால் குற்றால மலை தாவரவியலாரை ஈர்த்தது; 19ஆம் நூற்றாண்டில் இராபர்ட் வைட் இங்குத் தாவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார்.

தானே விதைக்கும் செடி

நிழல் தோட்டத்திற்கு ஏற்ற மலர்களுள் ஒன்று காசித்தும்பை. இதன் முற்றிய காயைத் தொட்டவுடன் அதன் ஐந்து தோல்மடல்களும் சட்டெனச் சுருண்டு, விதைகளைச் சில அடி தொலைவுக்கு வீசுகின்றன. எனவே, காய் வெளிறிப் பருக்கும்போதே அதன்மேல் காகித உறையை மூடி விதை சேர்ப்பர்.

எல்லா விதைகளும் ஒரே தன்மையன அல்ல. காசித்தும்பை ஓரிரு வாரத்தில் முளைத்து, இரண்டு மாத அளவில் பூக்கும். சங்குப்பூவின் விதையுறை கடினமானது. ஓரிரவு நீரில் ஊறவைத்து, வெயில் படும் நிழலோரத்தில் இடவேண்டும். செங்காந்தள் விதை மெல்ல முளைக்கும். பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதன் கிழங்கு உள்ளிட்ட எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை என்பதால் சிறுவர் புழங்கும் இடத்தில் அதனைத் தவிர்த்தல் நலம்.

தூவும் முறை

முதலில் நிழலை அறிதல் வேண்டும். நண்பகலில் மரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழுமானால் அவ்விடம் ஏற்றது. ஒளியே புகாத அடர்நிழலில் செடி நெடிது மெலியும், பூக்காது.

மரத்தடியில் சருகு தடித்துக் கிடந்தால் விதை மண்ணைத் தொடாது. ஆகவே சருகை ஒதுக்கி, மரத்தின் வேர் அறுபடாதவாறு மேல்மண்ணை மட்டும் கிளறுவர். சிறு விதைகளை உலர்மணலுடன் கலந்து தூவினால் அவை ஓரிடத்தில் குவியா. பின்னர்ச் சலித்த மண்ணை மெல்லத் தூவி, உள்ளங்கையால் அழுத்துவர். இதற்குச் சாரற்காலமே உகந்தது. வடகிழக்குப் பருவத்தின் கனமழை, வேர்விடாத விதையை அடித்துச் சென்றுவிடும். முளைத்தபின் சாணுக்கு ஒரு செடியாகக் கலைத்துவிடுதல் வேண்டும்.

தூவக் கூடாதவை

குற்றாலத்துத் தோட்டங்கள் காட்டை அடுத்தவை. அங்கு விழும் விதை வேலியோடு நிற்பதில்லை. அழகுச்செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடியின் கனிகளைப் பறவைகள் தின்று விதைகளைப் பரப்பின. இன்று அது காடுகளில் புதராய் மண்டி, உள்நாட்டுச் செடிகளின் இடத்தைக் கவர்ந்துள்ளது. ஆதலின், பெயரறியாத அயல்நாட்டு விதைக் கலவைகளைக் காட்டோரத் தோட்டங்களில் தூவுதல் தகாது.

காட்டிலிருந்து விதை கொணர்தலும் முறையன்று. மேற்குத்தொடர்ச்சி மலையில் காசித்தும்பைப் பேரினத்துச் செடிகள் பல உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. காப்புக்காட்டில் அனுமதியின்றி விதை எடுப்பது சட்டப்படி குற்றமும் ஆகும். அண்டை வீட்டுத் தோட்டத்து விதையே போதுமானது.

எவ்விதை, எவ்விடத்தது, எங்குப் பரவும் என்னும் மூன்றையும் அறிந்து தூவுபவரின் தோட்டம் காட்டுக்குத் துணையாகும். அறியாது தூவுபவரின் தோட்டம் அதற்குப் பகையாகும்.