முந்திக்கொண்ட பூ

1850-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்கார்டு ஊரில், எந்தச் செடி என்றைக்கு முதல் பூ விட்டது என்பதை ஒருவர் வருடக்கணக்கில் நடந்து நடந்து குறித்து வைத்தார். ‘வால்டன்’ நூலை எழுதிய ஹென்றி டேவிட் தோரோதான் அவர். அவர் பார்த்த புளூபெர்ரி, ஈர நிலத்தில் தானாக வளர்ந்த காட்டுப் புதர். மே நடுவில்தான் பூக்கும். அதற்குள் உறைபனியும் அநேகமாக ஓய்ந்திருக்கும். நாள் பார்க்கும் வேலையைச் செடியே செய்துகொண்டது.

அதைத் தோட்டப் பயிராக்கியவர்கள் ஃபிரெடரிக் கோவிளும் எலிசபெத் வைட்டும். நியூ ஜெர்சியில் வளர்த்த முதல் விளைச்சல் 1916-இல் சந்தைக்கு வந்தது.

இன்று அதே கான்கார்டில் அதே புதர் சுமார் மூன்று வாரம் முந்திப் பூக்கிறது. தோரோவின் குறிப்புகளைத் தங்கள் பதிவுகளோடு ஒப்பிட்டு ரிச்சர்ட் பிரிமேக், ஆபிரகாம் மில்லர்-ரஷிங் என்ற ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். பூ முந்திவிட்டது, உறைபனி முழுதாக விலகிவிடவில்லை. 2023 மே 18 அன்றுகூட அந்த வட்டாரத்துத் தோட்டங்களை அது கருக்கியது. குளிர்காலத்தில் உறங்கும் புளூபெர்ரிச் செடி மைனஸ் 25 டிகிரி செல்சியஸையும் தாங்கும். விரிந்த பூவுக்கோ மைனஸ் 2 டிகிரியே எமன்.

ஆகவே, குளிரைத் தாங்கும் செடிதானே என்று இருந்துவிட முடியாது. மண் இல்லாமல் வெறும் வேரோடு வரும் உறங்கும் கன்றுகளை, நிலத்தின் பனி இளகி மண் கொத்த வந்ததுமே நட்டுவிடலாம். தொட்டியில் துளிர்விட்ட கன்றுகளை உறைபனி ஓயும்வரை நிறுத்திவைக்க வேண்டும். ‘கடைசி உறைபனி நாள்’ என்று அட்டவணை சொல்வது பெரும்பாலும் சராசரிதான். அதற்குப் பிறகும் பனி விழும் ஆண்டுகள் உண்டு. இரண்டு வாரம் கூடுதலாகப் பொறுப்பது நல்லது. குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும் என்பதால் சரிவான மேட்டில் நடவேண்டும். பூத்தபின் பனி வரும் இரவில் துணி போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நோட்டு வேண்டும். ஊருக்குப் பொதுவான அட்டவணைக்கு நம் தோட்டத்து மேடு பள்ளம் தெரியாது. முதல் பூ விரிந்த நாளையும் கடைசியாகப் பனி விழுந்த நாளையும் ஆண்டுதோறும் அருகருகே எழுதிவாருங்கள். மூன்று வாரம் நகர்ந்துவிட்டதை நமக்குச் சொன்னதும் அப்படி எழுதிய ஒரு நோட்டுதான்.