‘கியர்பாக்ஸ் போச்சு சார்!’ - பழைய ஆட்டோமேட்டிக் காரில் உண்மையான கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சிக்னலில் பச்சை விழுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமுகிறது. கார் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. பத்து வருடம் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் தருணம் இது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டால், அரை மணி நேரத்தில் போன் வரும்: ‘கியர்பாக்ஸ் போச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்.’

இறக்கிப் பிரித்தால் பில் லட்சத்தைத் தொடலாம். காரை விற்றாலே இரண்டு, மூன்று லட்சம்தான் தேறும் என்ற நிலையில் இது சின்ன முடிவு இல்லை. ஆனால், அதற்கு முன்பே அதிகச் செலவில்லாமல் பார்க்க வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில், உங்கள் காரில் இருப்பது எந்த வகை ஆட்டோமேட்டிக்? 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலான ஏஎம்டி, உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சை மிதிக்கும் வேலையையும் கியர் மாற்றும் வேலையையும் ஒரு இயந்திரம் செய்கிறது, அவ்வளவே. சிவிடி-யில் பெல்ட்டும் புல்லியும் இருக்கும். டூயல் கிளட்ச் தனி ரகம். பழைய செடான்களிலும் எஸ்யூவி-களிலும் அதிகம் இருப்பது டார்க் கன்வர்ட்டர் வகை. ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. யூடியூப் பார்த்துவிட்டுப் பலர் குழம்புவது இங்கேதான்.

எல்லாம் ஆயிலில் இருக்கிறது

டார்க் கன்வர்ட்டர் காரில், வண்டி கிளம்பும்போது இன்ஜினின் விசையை கியர்பாக்ஸுக்குக் கடத்துவதே ஆயில்தான். உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயில், சூட்டைத் தணிப்பதும் அதே ஆயில். அதனால் சோதனையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டிப்ஸ்டிக் இருக்கும் கார் என்றால் வேலை சுலபம். சமதளத்தில் நிறுத்தி, வண்டி நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கணும். ஹோண்டாவில் பொதுவாக இன்ஜினை அணைத்த உடனே. மேனுவலில் உள்ளதே வேதவாக்கு. டிப்ஸ்டிக்கை வெள்ளை டிஷ்யூவில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. லேசான பழுப்பு நிறம் வயசுக் கோளாறு. கறுத்துப் போய் தீய்ந்த வாடை அடித்தால், உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் போல இருந்தால் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வண்டியை ஓட்டாமல், டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னையில் பழைய ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆயில் அளவு குறைந்திருந்தால் மட்டுமே கூட கியர் விழத் தாமதமாகும், வண்டி ஸ்லிப் ஆகும். லீக்கை அடைத்து, சரியான ரக ஆயிலை ஊற்றினால் ‘போன’ கியர்பாக்ஸ் திரும்பி வந்த கதைகள் உண்டு.

‘பழைய பெட்டியில் ஆயில் மாத்தினா செத்துடும்’ என்றொரு பேச்சு இருக்கிறது. பாதி உண்மை. ஏற்கெனவே கிளட்ச் தேய்ந்துபோன பெட்டியில் மிஷின் வைத்து அழுத்தமாக ஃபிளஷ் செய்தால் படிந்திருந்த அழுக்கு கிளம்பி வால்வுகளை அடைக்கலாம். சும்மா வடித்துவிட்டு, வடிந்த அளவுக்குப் புதிதாக ஊற்றுவதில் அந்த ஆபத்து குறைவு.

ஓட்டிப் பார்க்கும்போது

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். பழைய கார் விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் உஷாராகிவிடுங்கள். பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து ‘டி’-க்கு மாற்றினால் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் வண்டி இழுக்கணும். இரண்டு நொடிக்கு மேல் ஆனால் ஆயில் அழுத்தத்தில் சிக்கல். அரை மணி நேர டிராஃபிக்கில் ஓட்டிவிட்டு அதையே மறுபடி செய்யுங்கள். குளிரில் சரியாக இருந்து சூட்டில் மட்டும் தாமதமானால், உள்ளே சீல்கள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால், சூட்டில் ஆயில் இளகி எளிதில் கசியும்.

60 முதல் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது, ரோட்டில் வரிக்கோடுகள் மேல் ஓடுவது போன்ற நடுக்கம் வருகிறதா? ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், ஆக்ஸிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பாருங்கள். நடுக்கம் சட்டென நின்றால், சந்தேகம் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் மீது. தொடர்ந்தால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயிலை முதலில் பாருங்கள்.

இப்படி கியர்பாக்ஸ் மேல் பழி விழும் அப்பாவிகள் நிறைய. ‘டி’ போடும்போது ‘டொக்’ என்று இடித்தால் இன்ஜின் மவுன்ட் கிழிந்திருக்கலாம். கியர் தாறுமாறாக மாறினால், பேட்டரி பலவீனமோ அழுக்கேறிய த்ராட்டில் பாடியோ காரணமாக இருக்கலாம். லீவர் ‘பி’-யிலிருந்து நகரவே மாட்டேன் என்கிறதா? பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் போனது சில நூறு ரூபாய் ஸ்விட்ச்சாக இருக்கலாம்.

மூன்றாவது கியரிலேயே மாட்டிக்கொண்டு வண்டி மந்தமாகப் போனால் அது ‘லிம்ப் மோட்’. கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்றும் வழி. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகலாம், ஆனால் கோளாறு போய்விடாது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ப்ளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனிலேயே கோடுகளைப் படிக்கலாம். பி0700 என்று வந்தால் பயப்பட வேண்டாம். ‘கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைக் கேள்’ என்று மட்டுமே அதற்கு அர்த்தம். அந்த கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போக வேண்டும். கியர் விகிதம் தவறு என்று சொல்லும் பி0730, லாக்-அப் வேலை செய்யவில்லை என்னும் பி0741 போன்றவைதான் விஷயமுள்ளவை. கோடுகளை அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

ஏஎம்டி-யில் கியர் மாறும்போது தலை ஆடுவது அதன் இயல்பு. தானாக நியூட்ரலுக்குப் போவதும், கிளட்ச் கருகும் வாடையும்தான் கோளாறு. சிவிடி-யில் ஆர்பிஎம் ஒரே இடத்தில் நின்று வேகம் மட்டும் ஏறினால் அது ஸ்லிப் இல்லை. ஆனால் வேகத்தோடு சேர்ந்து ஏறும் உலோகச் சத்தத்தை விட்டுவைக்கக் கூடாது. அதில் வேறு ரக ஆயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேய்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் ‘இறக்கணும்’ என்றால், முதலில் அடித்தட்டை மட்டும் கழற்றிப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். ஆயில் வடிந்த அந்தத் தட்டில் காந்தம் ஒட்டியிருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய படலம் இருந்தால் சாதாரணத் தேய்மானம். பளபளக்கும் உலோகத் துண்டுகள் கிடந்தால், மெக்கானிக் சொன்னது சரிதான். அடுத்த பேச்சு ரேட்டைப் பற்றி.